பத்தமடைப் பாயும் நம் முதுகெலும்பும்

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த ஊர் பத்தமடை. இவ்வூரின் பெயரைச் சொன்னவுடன் தமிழகம் முழுவதும் நினைவுக்கு வருவது பாய். அந்தப் பாயை நெய்தவர்களும் இன்று நெய்துகொண்டிருப்பவர்களும் பெரும்பாலும் நம் சமுதாயத்து லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரைப் புல்லே இதன் மூலப்பொருள். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்துவார்கள். ஊறிய கோரை பருத்து இளகும். அதன் பின் அதை நூலைப் போல் மெல்லிய இழைகளாகக் கிழிக்க முடியும். நெடுநாள் ஊறவைத்தால் இவ்வளவு நுண்ணிய இழை கிடைக்கும் என்பதை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் கண்டறிந்தவர் ஹஸன் பாவா லெப்பை என்பவர் என்று ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக விரித்து, கோரையை ஊடாகச் செலுத்தி நெய்யும் உயர்ரகப் பாயைத் துணியைப் போல் மடித்து விடலாம். மணமக்களின் பெயர்களை இழையிலேயே பொறித்து நெய்யப்படும் கல்யாணப் பாய், மதபேதமின்றித் தென்பாண்டி நாட்டுத் திருமண வீடுகளுக்குச் சென்றது. 1953-ல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் சென்றதாக ஊரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவும் பலர் எழுதிய செய்திதான். நாம் இங்கே பேச விரும்புவது வேறு. ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில் அமர்ந்தார்கள், தரையில் உண்டார்கள், தரையில் உறங்கினார்கள். அந்த வாழ்வு அவர்களுடைய முதுகுக்கும் மூட்டுக்கும் உறக்கத்துக்கும் என்ன செய்தது?

நம் வாப்பாமார்களின் காலத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். கட்டில் இருந்தால் அது வீட்டு மூத்தவருக்கு அல்லது பிள்ளை பெற்றவளுக்கு. மற்றவர்களுக்குப் பாய்தான். இரவில் விரிப்பார்கள், ஃபஜ்ருக்கு எழுந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துவார்கள். உணவும் தரையில்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய காயல்பட்டினத்தில் இன்றும் விருந்துகளில் ஒரே ஸஹனைச் சுற்றி விரிப்பில் அமர்ந்து சேர்ந்து உண்கிறார்கள். காய் நறுக்க அரிவாள்மணை, மாவாட்ட ஆட்டுரல், துணி துவைக்க ஆற்றங்கரைக் கல். ஒரு நாளில் ஒருவர் எத்தனை முறை தரைக்குத் தாழ்ந்து எழுந்தார் என்று எவரும் எண்ணியதில்லை.

இதை அண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். 51 முதல் 80 வயது வரையுள்ள 2002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லி, கையையும் முழங்காலையும் எவ்வளவு ஊன்றுகிறார்கள் என்று மதிப்பெண் இட்டார்கள். 2012-ல் வெளியான அவ்வாய்வில், ஊன்றாமல் எழ முடிந்தவர்களைவிடத் தடுமாறி எழுந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. தரையில் அமர்ந்ததால் ஆயுள் கூடியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காலின் வலு, இடுப்பின் நெகிழ்வு, உடலின் சமநிலை ஆகியவை ஒருவரிடம் எஞ்சியிருக்கின்றனவா என்பதை அந்த எழுச்சி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

ஐவேளை தொழுபவருக்கு இந்தத் தேர்வு அன்றாடம் நடக்கிறது. கடமையான தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்கள், 34 ஸுஜூதுகள். ருகூவில் நபி (ஸல்) அவர்கள் தலையை உயர்த்தவும் மாட்டார்கள், தாழ்த்தவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே வைப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. முதுகு வளையாமல் இடுப்பில் மடங்கும் இந்த நிலையைத்தான், கனமான பொருளைத் தூக்கும்போது கடைப்பிடிக்குமாறு இயன்முறை மருத்துவர்கள் கற்றுத் தருகிறார்கள். அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை, திரும்பச் சென்று தொழுமாறு நபியவர்கள் மூன்று முறை அனுப்பி, பின்னர் ஒவ்வொரு நிலையிலும் நிதானம் கொள்ளுமாறு கற்றுக்கொடுத்த சம்பவமும் நாம் அறிந்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சியாகச் சுருக்கி, இன்ன நோய்க்கு இன்ன ரக்அத் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நாம் ஏற்பதில்லை. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழலாம் என்று நபியவர்கள் சொன்னார்கள். முழங்கால் தேய்ந்த உம்மா நாற்காலியில் தொழுதால் அதில் குறையில்லை.

சரி, தரை வாழ்வு இவ்வளவு நல்லது என்றால், பாய் நெய்தவர்களின் உடல் அல்லவா மிக உறுதியாக இருந்திருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறானது.

பத்தமடைத் தறி தரையோடு தரையாகக் கிடப்பது. நெய்பவர் குனிந்தமர்ந்து, கோரையை ஒவ்வோர் இழையாகச் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். உயர்ரகப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். மேலப்பாளையத்தில் நம்மவர்கள் குழித்தறியில் துணி நெய்தார்கள். பின்னர் மேலப்பாளையம், முக்கூடல், கடையநல்லூர்ப் பக்கத்து வீடுகளில் பீடி சுற்றுதல் பரவியது. பீடித் தட்டை மடியில் வைத்து, கழுத்தைக் கவிழ்த்து, விரல்களை மட்டும் ஓட்டும் வேலை அது. இப்பெண்களும் தரையில்தான் அமர்ந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். பிடரியில் வலி, தோளில் இறுக்கம், இரவில் புரண்டு புரண்டு படுத்தும் வராத தூக்கம். மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள் நம்மிடம் ஓதிப் பார்க்கக் கேட்கும் வலிகளில் முக்கால்வாசி இதுதான். துஆ செய்கிறோம். கூடவே, எத்தனை மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தீர்கள் என்றும் கேட்கிறோம்.

ஒரே பள்ளத்தாக்கு, ஒரே தரை. ஒருவருக்கு வலுவைத் தந்தது, மற்றவருக்கு வலியைத் தந்தது. வேறுபாடு தரையில் இல்லை, அசைவில் இருந்தது. முதுகெலும்பின் இடைத்தட்டுகளுக்கு வளர்ந்தவர்களிடம் நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. நாம் அசையும்போது அழுந்தியும் விரிந்தும்தான் அவை தமக்கு வேண்டியதைப் பெறுகின்றன. ஒரே நிலையில் மணிக்கணக்கில் குனிந்திருந்தால் முன்தொடையும் மார்பும் சார்ந்த தசைகள் இறுகுகின்றன, முதுகுத் தசைகள் நீண்டு களைக்கின்றன, பிட்டத் தசைகள் வேலையின்றிச் சோம்புகின்றன. தசைச் சமநிலை குலைவது என்பது இதுதான். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னே கவிழக் கவிழக் கழுத்தின் சுமை பெருகுகிறது. கைபேசியைக் குனிந்து பார்க்கும் நம் பிள்ளைக்கும், பீடித் தட்டைக் குனிந்து பார்க்கும் அவனுடைய உம்மாவுக்கும் கழுத்துக் கணக்கு ஒன்றே.

நம் முன்னோரின் மருத்துவ மரபு இதை வேறு சொற்களில் அறிந்திருந்தது. இப்னு ஸீனா (980-1037) வழிவந்த யூனானி மருத்துவம் உடல்நலத்துக்கு இன்றியமையாதவை என ஆறு விஷயங்களைக் கூறும். அவற்றுள் உடலின் அசைவும் ஓய்வும் ஒன்று, உறக்கமும் விழிப்பும் இன்னொன்று. உடற்பயிற்சிக்குப் பத்தமடைக்கு வேறொரு தொடர்பும் உண்டு. யோகாசனத்தைப் பற்றி உலகறிய எழுதிய சுவாமி சிவானந்தா 1887-ல் பிறந்தது இவ்வூரில்தான். மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே அவர் துறவியாக ரிஷிகேஷ் சென்றார். அவருடைய சமய வழி வேறு. எனினும், குனிந்தமர்ந்து பாய் நெய்த ஊரில் ஆசனங்களைப் பரப்பியவரும் பிறந்தார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி உறக்கத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஈச்சம்பாயில் படுத்திருந்ததையும், அதன் தடம் அவர்களுடைய விலாவில் பதிந்திருந்ததையும் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுத செய்தி புகாரியில் உள்ளது. அது எளிமையைப் பற்றிய செய்தி. கெட்டியான படுக்கையே முதுகுக்கு மருந்து என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது. நபியவர்களுக்குப் பேரீச்ச நார் அடைத்த தோல் விரிப்பும் இருந்தது. முதுகுவலிக்காரர் கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பது நம் ஊர்களில் வேரூன்றிய எண்ணம். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாகக் குணம் கண்டார்கள். ஆகவே வலியுள்ளவர் பாயின் மேல் ஒரு மெல்லிய பஞ்சு மெத்தை விரித்துக்கொள்வதில் தவறில்லை. தரையிலிருந்து எழத் தடுமாறும் முதியவருக்குக் கட்டிலே நல்லது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழம்பெருமை உதவாது.

உளூச் செய்து, விரிப்பைத் தட்டி, வலப்பக்கம் சாய்ந்து படுப்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுங்கு. குப்புறப் படுப்பது வெறுக்கப்பட்டுள்ளது. குப்புறப் படுத்தால் மூச்சுக்காகக் கழுத்தை ஒருபுறம் திருகியே வைத்திருக்க வேண்டும் என்பதைப் படுத்தவர் அறிவார். பக்கவாட்டில் படுப்பவர், தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பும் அளவுக்குத் தலையணை வைக்கட்டும். முழங்கால்களுக்கு இடையே ஒரு சிறு தலையணை இருந்தால் இடுப்பு முறுக்கேறாது. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு இடப்பக்கம் படுக்குமாறு மருத்துவர் சொன்னால் அதையே செய்யட்டும். வலப்பக்கம் சுன்னத்தே தவிர, அதற்காகத் தாயும் சேயும் சிரமப்பட வேண்டியதில்லை.

காலையில் நம் உயரம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். இடைத்தட்டுகள் இரவில் நீர் ஏற்றுப் புடைப்பதே காரணம். அந்த நிலையில் முதுகை வளைத்து நீர்க்குடத்தையோ எரிவாயு உருளையையோ தூக்குவது ஆபத்து. எழுந்து, சற்று நடந்து, உளூச் செய்து, தொழுது, அதன் பிறகு பாரம் தூக்கலாம்.

உறங்கும் நேரம் மாறிய கதையும் இதே ஆற்றோடு சேர்ந்தது. கோரையை ஊறவைத்த தாமிரபரணிதான் பாபநாசத்தில் மின்சாரமும் ஆயிற்று. அந்த நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கியது. விளக்கு வந்தது, பாடம் படிக்கவும் தறி நெய்யவும் இரவு நீண்டது. அது பெரிய அருள், மறுப்பதற்கில்லை. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபியவர்கள் வெறுத்ததாக அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இன்றோ பல வீடுகளில் இஷாவுக்குப் பின்னர்தான் நாள் தொடங்குகிறது. முகத்துக்கு நேரே ஒளிரும் திரை, உறக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை என்று வருந்தும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது, கைபேசியை அடுத்த அறையில் மின்னேற்ற வையுங்கள் என்பதே. நண்பகலில் இருபது நிமிடக் கைலூலா போதும். அஸர் வரை நீண்டால் அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

நம் மதரஸாவில் ரெஹலின் கீழே ஒரு பலகை வைக்கிறோம். குர்ஆன் சற்றே உயர்ந்தால் பிள்ளையின் கழுத்தும் உயர்கிறது. பாடத்தின் நடுவே அனைவரையும் எழச் செய்து, கைகளைப் பின்னே கோத்து மார்பை விரிக்கச் சொல்கிறோம். வீட்டில் தரையில் அமர்ந்து வேலை செய்பவர் ஒரு மணைப் பலகையிலோ மடித்த போர்வையிலோ அமர்ந்தால் இடுப்பு உயர்ந்து முதுகு தானே நிமிரும். பீடித் தட்டை மடியிலிருந்து எடுத்து ஒரு சிறு முக்காலியில் வைக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்துச் சற்றே பின்னே சாய்ந்து, நாலு அடி நடந்து வரலாம்.

சொல்வது எளிது. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது, பாய்க்கு ஒரு பாய்க்கு இவ்வளவு என்று வருகிறது. எழுந்து நடக்கும் ஐந்து நிமிடத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த ஐந்து நிமிடமும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். உம்மா எழுந்து நடக்கும் நேரத்தில் கல்லூரியிலிருந்து வந்த மகன் பீடி இலையை வெட்டி வைக்கட்டும், தண்ணீர்க் குடத்தை வாப்பா தூக்கட்டும்.