காலை வயிறும் கணக்குப் பாடமும்



காலை பிரேயரில் யாராவது மயங்கி விழுந்தால், "என்னடா சாப்பிட்ட?" என்று கேட்பேன். "பசிக்கல சார்" என்பான். அம்மா விடியுமுன் களையெடுக்கப் போய்விட்டதை மானமுள்ள பிள்ளை சொல்லுமா?

1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-ல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார்.

எல்லாம் மதியத்துக்குத்தான். கணக்குப் பாடமோ காலையில்! மாநில அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்றுதான் மதுரையில் தொடங்கியது. மதியச் சோற்றிலிருந்து காலை உப்புமாவுக்கு வர 102 ஆண்டுகள்!

இட்லித் தட்டோடு பிள்ளை பின்னால் ஓடும் என் மாணவிகளே, அலுத்துக்கொள்ளாமல் ஓடுங்கள். முதல் பீரியடில் உட்காரப்போவது அந்த வயிறுதான்.