அரையாண்டு லீவுல ஒரு டென்மார்க் பயணம்

"இந்த வருஷமாவது கிறிஸ்துமஸ் லீவுக்கு ஐரோப்பா போகணும்." இது தங்கமணியோட கோரிக்கை. பொட்டி தட்டுற எல்லார் வீட்டுலயும் டிசம்பர் பிறந்தா கேக்குற கோரிக்கைதான். கிளையண்ட் ஊர்ல எல்லாரும் லீவுல போயிடுவாங்க, நமக்கும் ஆணி கம்மி, போலாம்தான். ஆனா அஞ்சு பேருக்கு விசா, டிக்கெட், குளிருக்குக் கோட்டுன்னு கணக்குப் போட்டா தலை சுத்துச்சு. "டென்மார்க் போலாமா? விசா வேணாம். காலைல கிளம்பினா சாயங்காலம் கோட்டை வாசல்ல நிக்கலாம்"னேன். ஒரு முறை முறைச்சாங்க பாருங்க :-)

அப்படித்தான் அப்பா, அம்மா, தங்கமணி, மூணு வயசு மகள் எல்லாரும் திருப்பரங்குன்றத்துலேர்ந்து கார்ல கிளம்பி, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியா தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். மயிலாடுதுறையிலேர்ந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்துல மீட்டர்கேஜ் ரயில் ஓடிச்சு. 1986ல நிறுத்திட்டாங்க. அது இருந்திருந்தா டென்மார்க்குக்கு ரயில்லயே போயிருக்கலாம்.

ஊருக்குள்ள நுழையறப்பவே 1792ன்னு வருஷம் போட்ட ஒரு வெள்ளை வாசல். அதைத் தாண்டினா நேரா கடலைப் பாத்து ராஜ வீதி. ரெண்டு பக்கமும் தேவாலயம், பெரிய பெரிய தூண் வச்ச வீடு. வீதி முடியற இடத்துல கடலுக்கு முன்னாடி டான்ஸ்போர்க் கோட்டை. தங்கமணி முகத்துல கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு. "பரவால்லங்க, நிஜமாவே வெளிநாடு மாதிரிதான் இருக்கு"ன்னாங்க. அப்பாதான் அடிமடியில கை வைக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "இங்கிலீஷ்காரன் வந்தான், பிரெஞ்சுக்காரன் வந்தான், சரி. டென்மார்க்காரனுக்கு இங்க என்னடா வேலை?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னா அவங்க இங்க வரணும்னே கிளம்பலை. கிளம்புனது இலங்கைக்கு.

1616ல கோபன்ஹேகன்ல டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினாங்க. ராஜா நான்காம் கிறிஸ்டியன். போஷௌவர்னு ஒரு டச்சுக்காரர் அங்க வந்து, கண்டி ராஜா அனுப்பிச்ச தூதர் நான்னு சொல்லி, போர்த்துகீசியர்களுக்கு எதிரா உதவி பண்ணா வியாபார உரிமை தர்றோம்னு 1618ல ஒப்பந்தம் போட்டார். அதை நம்பி அந்த வருஷக் கடைசியில கப்பல்கள் கிளம்புச்சு. தலைமை தாங்குனவர் ஓவே கியெட். 1594ல பிறந்தவர், கிளம்பறப்ப 24 வயசு கூட முடியலை. நம்ம ஆபீஸ்ல அந்த வயசுக்காரனை நம்பி ஒரு மாட்யூல் குடுக்கவே யோசிப்பாங்க, அங்க ஒரு கப்பல் படையையே குடுத்து ஆன்சைட் அனுப்பியிருக்காங்க!

பயணம் ஏறத்தாழ ஒன்றரை வருஷம். வழியிலயே நிறைய பேர் செத்துப் போனாங்க. தூதர் போஷௌவரும் செத்துட்டார். 1620ல இலங்கை போய்ச் சேர்ந்தா, கண்டி அரசர் செனரத் அந்த ஒப்பந்தத்தை ஏத்துக்கவே இல்லை. ரெக்வயர்மெண்ட் குடுத்த ஆளே இல்லை, கிளையண்டும் கையெழுத்துப் போட மாட்டேங்குறார். என்ன பண்றது?

இவங்களைக் காப்பாத்துனது வேற ஒரு விபத்து. இந்தப் படைக்கு முன்னாடியே கிளம்பி வந்த ஓரசுண்ட்ங்கிற கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர்கள் அடிச்சு நொறுக்கிட்டாங்க. அதுலேர்ந்து தப்பிச்ச ரோலண்ட் கிராப்பேங்கிற வியாபாரியும் கொஞ்சம் ஆட்களும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட போய்ச் சேர்ந்தாங்க. நாயக்கருக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. நாகப்பட்டினத்துல போர்த்துகீசியர்கள் உக்காந்திருக்காங்க, போட்டிக்கு இன்னொருத்தன் வந்தா நமக்கு நல்லதுதானே. 1620 நவம்பர் 19ம் தேதி ஒப்பந்தம் ஆச்சு. கோட்டை கட்டிக்கலாம், வியாபாரம் பண்ணிக்கலாம். டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பிச்ச கடிதம் இன்னைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல இருக்கு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. இந்த ஊர் இலவசமாக் கிடைக்கலை. வருஷத்துக்கு 3111 ரூபாய் குத்தகை. அதாவது நாயக்கர் வீட்டு ஓனர், டேனிஷ்காரங்க வாடகைக்குக் குடியிருந்தவங்க. பள்ளிக்கூடத்துல "ஐரோப்பியர்கள் வருகை"ன்னு படிச்சப்ப ஏதோ வந்ததும் பிடிச்சுட்டாங்கங்கிற மாதிரிதான் நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. தரங்கம்பாடியில முதல் நூறு வருஷம் நிலைமை தலைகீழ். வாடகை பாக்கி விழுந்தா நாயக்கர் படை வந்து வாசல்ல நிக்கும்.

பாக்கி விழவும் செஞ்சுச்சு. டென்மார்க் ஐரோப்பாவுல சண்டை போட்டுப் போட்டுக் கஜானா காலி. 1640களுக்கு அப்புறம் 1669 வரைக்கும், கால் நூற்றாண்டுக்கும் மேல, டென்மார்க்குலேர்ந்து ஒரு கப்பல் கூட இங்க வரலை! 1650ல கம்பெனியையே கலைச்சுட்டாங்க. அடுத்த வருஷம் ராஜா தரங்கம்பாடியை பிராண்டன்பர்க் இளவரசருக்கு விக்கப் பாத்தார். வாங்க வந்தவர்கிட்டயும் காசு இல்லை, பேரம் படியலை.

இங்க மாட்டிக்கிட்டவங்க கதிய யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தரா செத்தும், விட்டுட்டுப் போயும், 1655ல கோட்டையில மிச்சம் இருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருத்தர். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. கவர்னர் இல்லை, பிரபு இல்லை, சாதாரண சிப்பாய். படிப்பும் கிடையாது. 14 வருஷம் அந்த ஆள் டென்மார்க் கொடியை இறக்காம வச்சிருந்தார். வங்காள விரிகுடாவுல போற வர்ற கப்பலைப் பிடிச்சு வித்து, அந்தக் காசுல கோட்டையைச் சரிபண்ணி, ஊரைச் சுத்தி மதிலும் கட்டினார். குத்தகை பாக்கிக்காக நாயக்கர் படை முற்றுகை போட்டப்பல்லாம் தாக்குப் பிடிச்சு, கடைசியில சமரசமும் பேசிட்டார். 1669ல ஒருவழியா கப்பல் வந்தப்ப, "அட, நம்ம ஊர் இன்னும் நம்மகிட்டயேதான் இருக்கா"ன்னு வந்தவங்களே அசந்திருப்பாங்க.

டேனிஷ் வரலாற்றுல இது வீரக் கதை. ஆனா கோட்டை மேல நின்னு இதைச் சொன்னப்ப அம்மா கேட்டது வேற. "ஒத்த ஆளு எப்படிடா அம்புட்டு பெரிய மதில் கட்டுவான்? சோறு பொங்கிப் போட்டது யாரு?"

அதுதான் விஷயமே! கோங்ஸ்பாக்கே தனியா நின்ன டேனிஷ்காரர், தனியா நின்ன மனுஷன் இல்லை. அவர்கிட்ட சம்பளம் வாங்கிக் காவல் காத்தது, மதிலுக்குக் கல் சுமந்தது, கப்பல் ஓட்டுனது எல்லாம் இந்த ஊர்க்காரங்க. தன் நாடே கைவிட்ட ஒரு 'ஐரோப்பிய நகர'த்தை 14 வருஷம் நடத்துனது தமிழ் ஆட்கள்தான். நான் படிச்ச வரலாறுகள்ல கோங்ஸ்பாக்கே பேர் இருக்கு. அந்த ஆட்கள் ஒருத்தர் பேரும் இல்லை.

இதே கணக்கு அடுத்த நூற்றாண்டுலயும் தொடருது. 1706 ஜூலை 9ம் தேதி சீகன்பால்கு இங்க வந்து இறங்கினார். அவரை நமக்குத் தெரியும். தமிழ் கத்துக்கிட்டார், 1708ல இதே டான்ஸ்போர்க்ல டேனிஷ் கவர்னரே அவரை நாலு மாசம் சிறை வச்சார், ஜெர்மனியின் ஹாலே நகரத்துலேர்ந்து தமிழ் அச்செழுத்து 1713ல வந்து சேந்துச்சு, 1714-15ல புதிய ஏற்பாடு அச்சாச்சு. 1719ல 36 வயசுல இங்கயே இறந்தார். ஆனா அவருக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்த அழகப்பன்? பள்ளிப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல எழுதிப் பழகறதுக்கு இடம் குடுத்த வயசான வாத்தியார்? அவங்கல்லாம் அடிக்குறிப்புல வர்றதோட சரி.

அதோட, சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஜெர்மன்ல ஒரு பெரிய நூல் எழுதி 1713ல ஹாலேவுக்கு அனுப்பினார். உன்னை அனுப்புனது மதம் பரப்ப, அங்க உள்ள சாமிக் கதையை இங்க பரப்ப இல்லைன்னு அவங்க அச்சுல ஏத்தவே இல்லை. அது அச்சானது 1867ல, 154 வருஷம் கழிச்சு. நம்ம ஊர்க்காரங்க வாயால சொல்லி அவர் எழுதுனது அத்தனை வருஷம் அலமாரியில தூங்குச்சு.

கடைசியா 1845ல டேனிஷ்காரங்க தரங்கம்பாடியையும் வங்காளத்துல செராம்பூரையும் சேத்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு வித்துட்டாங்க. இன்னைக்கு ஒரு கார் விலை. அந்தக் காலத்துல அது பெரிய காசுதான், இருந்தாலும் ரெண்டு ஊருங்க! கொஞ்ச வருஷம் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ் இங்கதான் இருந்துச்சு. அது 1860ல போச்சு. அடுத்த வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு. சரக்கு எல்லாம் அந்தப் பக்கம் போக, தரங்கம்பாடி தூங்கிப் போச்சு. தூங்குனதாலதான் பழைய வீடுங்க இடிபடாம நின்னுச்சுங்கறது வேற விஷயம்.

சரி, டேனிஷ்காரங்களுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? கோட்டையிலேர்ந்து கரையோரமா வடக்கே கொஞ்சம் நடந்தா மாசிலாமணிநாதர் கோயில். கட்டுனது யார் தெரியுமா? நம்ம மதுரைக்காரர். மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1279ல சோழ ஆட்சியை முடிச்சு வச்சு இந்தக் கரையையும் ஆண்டவர். கோயில் 1306ம் வருஷத்தது. கல்வெட்டுல இந்த ஊருக்கு சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்னு பேர். பட்டினம்னா துறைமுகம். ஆக, டேனிஷ்காரங்க கப்பல் வர்றதுக்கு 300 வருஷம் முன்னாடியே இது ஒரு பாண்டியத் துறைமுகம். அவங்க வெறும் மணல்மேட்டுல வந்து நகரம் கட்டலை. ஏற்கெனவே இருந்த வியாபார ஊர்ல வாடகைக்கு வந்தாங்க.

அந்தக் கோயிலோட முன்பகுதியைக் கடல் கொண்டு போயிடுச்சு. நாங்க போன அன்னைக்குக் கோட்டையில டிக்கெட்டுக்கு வரிசை. கோயில் பக்கம் எங்க குடும்பமும் ரெண்டு ஆடும்தான். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக்குக் கீழ குடியிருக்குற எங்க அப்பாவுக்கு அது தாங்கலை. "மதுரை ராஜா இங்க வரைக்கும் வந்து கட்டியிருக்கான், பாரு, கேக்க நாதி இல்லை"ன்னு அலை அடிக்கிற கல்லையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார்.

கோட்டையைப் பாதுகாத்தது தப்புன்னு சொல்ல வரலை. தமிழக அரசும் டென்மார்க் ஆர்வலர்களும் சேர்ந்து நல்லாவே செப்பனிட்டிருக்காங்க. சுனாமிக்கு அப்புறம் இன்டாக் அமைப்பு பொற்கொல்லர் வீதியில திண்ணையும் முற்றமும் உள்ள தமிழ் வீடுங்களையும் பழைய முறையிலயே சரிபண்ணிக் குடுத்திருக்காங்க. கோட்டைக்குக் கிடைக்கிற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு அந்த வீதிக்கும் கோயிலுக்கும் போகலையேங்கறதுதான் ஆதங்கம்.

சுனாமின்னதும் சொல்லணும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. இந்த ஊர்ல மட்டும் நூத்துக்கணக்கான பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். இந்தக் கரையோரத்துல ஒவ்வொரு வருஷமும் அன்னைக்கு யாரும் கடலுக்குப் போறதில்லை. நாம கிறிஸ்துமஸ் லீவுன்னு சுத்திப் பாக்கப் போற அதே வாரம்தான் அவங்களுக்குத் திதி. அந்தத் தேதியில போனா கடற்கரையில கூச்சல் போடாம, செல்ஃபிய ஓரங்கட்டிட்டு இருங்க மக்களே.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, கேட்டுக்கிட்டுப் போங்க. முதல்ல கோயில், அடுத்து பொற்கொல்லர் வீதி, கடைசியா கோட்டைன்னு பாருங்க. வந்த வரிசையில வரலாறு புரியும்.

நிஜ ஐரோப்பாவுல இருக்குற நம்ம நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேனிஷ் வணிகக் கம்பெனிகளோட ஆவணங்களை யுனெஸ்கோ 1997லயே உலக நினைவுப் பதிவேட்டுல சேத்திருக்கு. இந்தக் குளிர்கால லீவுல கோபன்ஹேகன் போறவங்க யாராவது, முடிஞ்சா டேனிஷ் தெரிஞ்ச ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கிட்டு அந்தக் காப்பகத்துப் பக்கம் போய்ப் பாருங்க. தங்கத் தகட்டைப் பாத்து வாயைப் பொளந்துட்டு வந்துடாதீங்க. 1655லேர்ந்து 1669 வரைக்கும் சம்பளக் கணக்கு ஏதாவது இருக்கான்னு கேளுங்க. கோங்ஸ்பாக்கேவோட மதிலுக்குக் கல் சுமந்த ஒரே ஒரு தரங்கம்பாடிக்காரர் பேர் கிடைச்சாலும் போதும், எனக்கு எழுதி அனுப்புங்க.