அப்ரூவரின் வாய்மொழியும் சட்டக் காப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

குற்றத்தில் தானும் பங்குகொண்டு, பின்னர் அரசுத் தரப்பிற்குச் சாட்சியம் அளிப்பவரை நீதிமன்ற வழக்கு ‘அப்ரூவர்’ என்று அழைக்கிறது. அவர் உரைக்கும் உண்மை பிறரைத் தண்டிக்கப் பயன்படுகிறது. அதே உண்மை அவருக்கு எதிராகவும் திரும்பக்கூடும். இவ்விடர்ப்பாட்டை இந்தியச் சட்டம் எவ்வாறு கையாண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மௌனத்தின் இடத்தில் காப்பு

தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் வினாவிற்கு விடையளிக்க மறுக்கும் உரிமையை இங்கிலாந்தின் பொதுச்சட்டம் சாட்சிக்கு வழங்கியது. இந்தியாவில் 1855 ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் அவ்வுரிமையை நீக்கியது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தனது 132 ஆம் பிரிவில் அதே நெறியைத் தொடர்ந்தது. வழக்கிற்குத் தொடர்புடைய வினாவிற்குச் சாட்சி விடையளித்தே ஆகவேண்டும். அதற்கு ஈடாக, கட்டாயத்தின்பேரில் அளித்த விடையைக் கொண்டு அவரைக் கைது செய்யவோ, அவர்மீது வழக்குத் தொடரவோ, குற்றவியல் நடவடிக்கையில் அதனை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கவோ இயலாது. பொய்ச்சாட்சி வழக்கு மட்டுமே விதிவிலக்கு.

‘கட்டாயம்’ என்னும் சொல்

எவ்விடை கட்டாயத்தால் வந்தது? 1881 இல் கோபால்தாஸ் வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வின் பெரும்பான்மை இதற்கு விடை கூறியது. சாட்சி தம்மை விடையளிப்பதிலிருந்து விலக்குமாறு கேட்டு, நீதிமன்றம் வற்புறுத்தியிருந்தால் மட்டுமே காப்பு உண்டு என்பது அதன் முடிவு. இதனால் சட்டம் அறிந்தவர் காக்கப்பட்டார். மறுப்புச் சொல்லத் தெரியாத எளியவர் காப்பிழந்தார். 2015 இல் ஆர். தினேஷ்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் வேறு முடிவிற்கு வந்தது. மௌனம் காக்கும் உரிமையைச் சட்டமே பறித்துவிட்ட நிலையில், தொடர்புடைய வினாவிற்கு அளிக்கப்படும் விடை கட்டாயத்தின்பாற்பட்டதே. சாட்சி தனியே மறுப்புத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று அது தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட காலம் 134 ஆண்டுகள்.

மன்னிப்பும் அதன் நிபந்தனையும்

இக்காப்பும் அப்ரூவருக்கு அளிக்கப்படும் மன்னிப்பும் ஒன்றல்ல. லட்சுமிபத் சோராரியா வழக்கில் தங்கக் கடத்தலில் உடந்தையாயிருந்த பெண்ணொருவர் மன்னிப்புப் பெறாமலேயே அரசுத் தரப்புச் சாட்சியானார். அவர் தகுதியுள்ள சாட்சியே என்றும், 132 ஆம் பிரிவின் வரம்புரை அவரைக் காக்கும் என்றும் உச்சநீதிமன்றம் கருதியது.

மன்னிப்போ நிபந்தனைக்கு உட்பட்டது. 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 306 ஆம் பிரிவின்படி, அறிந்த அனைத்தையும் முழுமையாகவும் உண்மையாகவும் வெளியிட வேண்டும். ஏற்கெனவே பிணையில் இல்லாத அப்ரூவர் விசாரணை முடியும்வரை காவலிலேயே இருக்க வேண்டும். அவர் நிபந்தனையை மீறினார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், 308 ஆம் பிரிவின்கீழ் மூலக்குற்றத்திற்கே விசாரிக்கப்படலாம். மன்னிப்பை நம்பி நடுவரிடம் அளித்த வாக்குமூலம் அப்போது அவருக்கு எதிரான சான்றாகும். எனினும், நிபந்தனை மீறப்பட்டதை மெய்ப்பிக்கும் சுமை அரசையே சாரும்.

அரசியலமைப்பின் 20(3) ஆம் உறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரையே காக்கிறது. மன்னிப்பை ஏற்றவர் அந்நிலையிலிருந்து நீங்கிச் சாட்சியாகிறார். மன்னிப்பை இழந்தால் மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டவராகிறார். சாட்சியாக நின்றபோது கூறியது குற்றஞ்சாட்டப்பட்டவராக நிற்கும்போது அவரைத் தொடர்கிறது.

சட்டத்திற்கு வெளியேயும் இடர் உண்டு. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அப்ரூவரான நரேந்திரநாத் கோஸ்வாமி 1908 ஆகஸ்ட் 31 அன்று சிறைக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். குறுக்கு விசாரணைக்கு உட்படாத அவரது வாக்குமூலம் அமர்வு நீதிமன்றத்தில் சான்றாகவில்லை.

முடிவுரை

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களும் இவ்வமைப்பைப் பெரிதும் மாற்றாமல் ஏற்றுள்ளன. விடைக்குரிய காப்பு 2015 தீர்ப்பால் உறுதிபெற்றது. மன்னிப்பு நிபந்தனையில் தொங்குகிறது. நடுவர் முன் பேசத் தொடங்குமுன் இவ்வேறுபாட்டை அப்ரூவருக்கு எடுத்துரைப்பது நீதிமன்றத்தின் கடமையாக வேண்டும். அறியாமல் துறக்கப்படும் உரிமை துறக்கப்பட்டதாகாது.