ஊழியமும் ஊதியமும்

பாளையங்கோட்டையில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழுகிற பேச்சு இது: ‘வாத்தியாருக்கு என்னவே கொறைச்சல்? வருஷத்துல பாதி நாள் லீவு, வயசான காலத்துல பென்ஷன்.’ வெறும் பொறாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வாத்தியார் வாங்குவதைக் கூலி என்று சொல்ல நமக்கிருக்கும் கூச்சமும் இதற்குள் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

திண்ணைப் பள்ளியில் அரிசி, காய்கறி, நவராத்திரிக்குக் கொஞ்சம் காசு. அதற்குப் பெயர் தட்சிணை. இந்த வாத்தியார்களின் வரும்படி பொதுவாக மாதம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை, தகுதியுள்ளவர்கள் வராததற்கு அதுவே காரணம் என்று 1826இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எழுதினார். தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் ஜில்லாப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தரலாம் என்றார். காலனிய நிர்வாகத்தின் கணக்குதான். ஆனாலும் அது கணக்கு, தட்சிணை இல்லை.

தாமிரபரணிக் கரையில் நடந்தது வேறு. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் பெருகிய மிஷன் பள்ளிகளில், பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியார். அவர் செய்தது ஊழியம். மலைக்கு மேற்கே திருவிதாங்கூரில் இதே சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று அர்த்தம். எழுத்து மறுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் கைக்கு எழுத்து வந்ததில் இந்த ஊழியத்துக்குப் பெரிய பங்குண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊழியர் ஊதியம் பற்றி வாய்திறப்பது கிட்டத்தட்டப் பாவமாகிவிட்டது.

1854 வுட் அறிக்கைக்குப் பின் வந்த அரசு மானியமும் நிர்வாகத்தின் கைக்குத்தான் போனது. 1860களில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்றொரு முறை சேர்ந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பிள்ளைகள் தேறினால் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, அறுப்புக்குப் போய்விட்டாலோ வாத்தியார் வயிற்றில் அடி.

சபைகளும் தனியாரும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த இந்த ஜில்லாவுக்கு, ஆகவே, 1955 முக்கியமான ஆண்டு. காமராஜ் ஆட்சி வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கும் கொண்டுவந்தது. ஊழியம் வேலையாக மாறியது இங்கேதான் என்பது என் வாசிப்பு. 1982இல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சட்டமாகச் சொன்னது: ஓய்வூதியம் யாரும் போடும் பிச்சையல்ல, உழைத்ததற்கான உரிமை. அந்த வழக்கே ஒரு தேதியைப் பற்றியது. குறிப்பிட்ட நாளுக்கு முன் ஓய்வுபெற்றவர், பின் ஓய்வுபெற்றவர் என்று ஒரே வகையினரைப் பிரித்தது செல்லாது என்றார்கள்.

தேதிகள் திரும்பி வந்தன. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு உரிமையில்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆகஸ்டில், ஏப்ரல் 1க்கு முன்தேதியிட்டு, புதிதாகச் சேர்வோரைப் பழைய ஓய்வூதியத்திலிருந்து விலக்கிச் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிக்கும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். அடுத்த கோடு 2009 ஜூன் 1. அதற்கு முந்தைய நாள்வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், அன்றுமுதல் சேர்ந்தவருக்கு 5,200. படிப்பு அதே, வகுப்பு அதே, சாக்பீஸ்கூட அதே.

பழைய விகிதத்தில் வாங்குபவரின் சம்பளம் நியாயமா என்று கேட்டால், நியாயம்தான் என்பேன். அதற்காக அவர் டீக்கடையில் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் சம்பளச் சீட்டை அவர் எட்டிப் பார்த்தாரா? சங்கங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

2012இல் ஓவியம், தையல், உடற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய். அதற்குப் பெயர் தொகுப்பூதியம். டீக்கடையில் அவரும் வாத்தியார்தான். பள்ளி மூடிக்கிடந்த மே மாதத்தில் அவருக்கு அந்த 5,000மும் கிடைக்கவில்லை.