குடும்பத் தலைவர் யார்?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகளும் கோயில்களும் மூடப்பட்டன. வீட்டுக்குத் தேவையான பொருள்களை வாங்கக் குடும்பத் தலைவர் மட்டுமே வெளியே போகலாம் என்று முதல் வாரங்களில் அமைச்சர் அறிவித்தார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடைகளுக்குக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் அனுமதி. வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒருவர்.

அந்த நாட்களில் நாடே கொஞ்சம் சிரித்தது. வாழ்நாளில் சந்தைப் பக்கம் போகாத கணவன்மார்கள் கையில் சீட்டோடு பேரங்காடியில் நின்றார்கள். எது கொத்தமல்லி, எது செலரி, கெம்போங் மீன் எப்படி இருக்கும் என்று தொலைபேசியில் மனைவியிடம் விசாரித்தார்கள். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் வலம் வந்தன. அதே மார்ச் இறுதியில் மகளிர் அமைச்சு, வீட்டில் கணவரோடு சண்டை வராமல் இருக்க டோராமோன் பொம்மையின் குரலில் பேசலாம், வீட்டில் இருந்தாலும் ஒப்பனை செய்துகொள்ளலாம் என்று மனைவியருக்கு யோசனை சொல்லி, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது.

இந்த வேடிக்கைகளில் கலந்துகொள்ள முடியாத வீடுகளும் இருந்தன. கணவர் இறந்துபோன வீட்டில் குடும்பத் தலைவர் யார்? அந்த அம்மாள்தான். அவர் கடைக்குப் போவதை எந்தக் காவலரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அவர் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கும்போது வீட்டில் இருக்கும் சிறு பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. அக்கம்பக்கத்தில் விட்டுப் போவதும் அப்போது குற்றம் செய்வது போல் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதி, வீட்டில் இன்னொருவர் இருப்பார் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. நோய் பரவாமல் தடுக்க அந்த விதி தேவைதான். அதை எழுதியவர்களின் மனத்தில் இருந்த வீட்டின் படம்தான் குறைபட்டது.

அந்தப் படம் 2020இல் வரையப்பட்டதல்ல. தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு அது பழைய கதை. ரப்பர் தோட்டத்து லயத்து வீடு வேலைக்காக நிர்வாகம் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். கணவன் இறந்தால், தோட்டத்தில் பெயர் பதியாத மனைவி பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே அடுத்து எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் பல பெண்கள் துக்கம் ஆறுமுன்பே விடியற்காலையில் பால் மரம் சீவப் போனார்கள். ஊர் வழக்கம் அவர்களை மூலையில் உட்காரச் சொன்னது. பெரட்டுக் களத்து மணி எழுந்து வரச் சொன்னது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் - பர்மா இரயில் பாதை போடத் தோட்டத்து ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி என்று அங்கே மாண்டவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் மரணத்துக்குக் காகிதம் எதுவும் வரவில்லை. போர் முடிந்த பிறகும் மனைவியர் காத்திருந்தார்கள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலேயே ஆண்டுகள் கழிந்தன. மலாயா தமிழர் வரலாற்றில் விதவைகளைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதுவதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படி ஒரு நூல் நம் நூலகங்களில் கண்ணில் படுவது அரிது.

பிறகு காகிதத்தின் காலம் வந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த சொக்சோ, இறந்த தொழிலாளியின் மனைவிக்கு மாதாந்திரத் தொகை பெற வழி செய்தது. 1976இல் இயற்றப்பட்ட திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்து, முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்யச் சொன்னது. கோயிலில் தாலி கட்டிப் பந்தி போட்டதோடு திருமணம் முடிந்தது என்று இருந்துவிட்ட குடும்பங்களில், கணவர் இறந்த பிறகுதான் பதிவுச் சான்றிதழ் என்ற ஒன்று நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டு கூடவே வாழ்ந்த மனைவி, தாம் மனைவி என்பதை அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டிய நிலை.

நோய்க் காலத்தில் இந்தக் காகிதப் பிரச்சினை மீண்டும் தலைதூக்கியது. 2020 மார்ச் 27இல் அரசாங்கம் உதவித் திட்டத்தை அறிவித்தது. மாதம் 4,000 வெள்ளி வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. ஏப்ரலில் 1,000, மே மாதத்தில் 600 என இரண்டு தவணை. பழைய உதவித்தொகைப் பட்டியலில் இருந்தவர்களுக்குப் பணம் தானாக வரும். பட்டியலில் கணவரின் பெயர் இருந்து, அவர் இடையில் இறந்திருந்தால்? இணையத்தில் விண்ணப்பம் செய்யத் தெரிய வேண்டும். மரணச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பத் தெரிய வேண்டும். உதவிக்கு ஆள் கூப்பிடலாம் என்றால் யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாத காலம் அது. சேமநிதி வாரியமும் மாதம் 500 வெள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்றது. அது கணக்கு உள்ளவர்களுக்கு. அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும், பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுத்தும், காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டியும் பிழைத்தவர்களுக்கு ஏது சேமநிதிக் கணக்கு? கோயில் மூடியதும் மாலை நின்றது. பள்ளியும் அலுவலகமும் மூடியதும் பொட்டலம் நின்றது.

அந்த வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போயிற்று என்பதை வெளியிலிருந்து யாரும் அதிகம் பார்க்கவில்லை. பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி. இல்லிருப்புக் கற்றல் தொடங்கியதும் இரண்டு, மூன்று பிள்ளைகள் முறை வைத்து அதைப் பயன்படுத்தினார்கள். அம்மாவுக்கு வரும் தையல் வேலையோ, உறவினர் விசாரிப்போ அதே தொலைபேசியில்தான். 2020 ஏப்ரல் 15இல் யூபிஎஸ்ஆர் தேர்வு இரத்து என்று அறிவித்தபோது, ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்புக் கட்டணம் கட்டிவிட்ட தாய்க்கு வருத்தமா நிம்மதியா என்று சொல்வது கடினம்.

நோயிலேயே கணவரை இழந்தவர்களின் நிலை இன்னும் கொடிது. 2021 முடிவில் நாட்டில் நோய்க்குப் பலியானோர் 31,000க்கும் அதிகம். அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மரணங்கள் உச்சத்தில் இருந்தன. ஆம்புலன்சில் ஏற்றிய முகத்தைப் பிறகு பார்க்கவே முடியாமல் போன மனைவியர் உண்டு. உறையிட்டு மூடிய உடல் நேரே மின்சுடலைக்குப் போனது. தனிமைப்படுத்தப்பட்ட மனைவி வீட்டில் இருந்தபடியே திரையில் பார்த்தார், அல்லது பார்க்கவில்லை. பதினாறாம் நாள் கூட்டம் கூடாமல் போனதில் வேறொன்றும் நடந்தது. பூவும் பொட்டும் வைத்து, வளையல் அடுக்கி, எல்லார் முன்னிலையிலும் அவற்றை நீக்கும் அந்தச் சடங்கு பல வீடுகளில் சுருங்கியது. சில வீடுகளில் நடக்கவே இல்லை. அழுவதற்குத் தோள் இல்லாமல் போனது பெரும் இழப்பு. அந்தச் சடங்கு இல்லாமல் போனதை இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

2021 ஜூன் முதல் தேதி நாடு மீண்டும் முழுமையாக மூடப்பட்டது. மாத இறுதியில் வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது. உணவில்லை என்றால் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், பார்க்கிறவர்கள் உதவுவார்கள் என்பதே அதன் சாரம். அரசியல்வாதிகள் சிலர் அதைத் தோல்வியின் அடையாளம் என்று எதிர்த்தார்கள். பொதுமக்கள் காதில் போட்டுக்கொள்ளாமல் அரிசியும் எண்ணெயும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். தமிழ் விதவைக்கு வெள்ளைத் துணி புதிதல்ல. ஒரு காலத்தில் ஊர் அவருக்கு உடுத்தக் கொடுத்த நிறம் அது. ஒதுங்கி இரு என்று சொன்ன நிறம். அதே நிறம் இப்போது அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கதவில் தொங்கி, உள்ளே வா என்று பிறரை அழைத்தது.

ஜொகூர் பாருவில் இருந்த விதவைத் தாய்மார்களுக்கு இன்னொரு காத்திருப்பு இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த மகனோ மகளோ நாள்தோறும் பாலம் கடந்து வீடு திரும்புவது வழக்கம். 2020 மார்ச் 18இல் அந்தப் போக்குவரத்து நின்றது. வேலையைக் காப்பாற்ற அங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகள் மாதா மாதம் பணம் அனுப்பினார்கள், வரமுடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பிள்ளை, நடுவே ஒரு கிலோமீட்டர் தண்ணீர். தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துச் சேவை 2021 நவம்பர் 29இல்தான் தொடங்கியது. முதல் கட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து நாளொன்றுக்கு 1,440 பேருக்கு மட்டுமே இடம். லார்க்கின் பேருந்து நிலையத்தில் அன்று இறங்கியவர்களை அழைத்துப் போக வந்து நின்றவர்களில், குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் தம் பெயரை எழுதப் பழகிவிட்ட அம்மாக்களும் இருந்திருப்பார்கள்.