லைன் வரும்வரை காத்திருந்த கடிதங்கள்

2001-இல் மதுரையை அடுத்த மேலூர்த் தாலுகாவின் கிராமங்களில் இன்டர்நெட் கியோஸ்க்குகள் திறக்க ஆரம்பித்தார்கள். ‘சாரி’ என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட திட்டம். சென்னை ஐ.ஐ.டி., அங்கே பிறந்த என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு எல்லாம் சேர்ந்து தொடங்கியது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெப் கேமரா, கூரைமேல் ஆன்டெனா. கார்டெக்ட் என்ற ஐ.ஐ.டி. தொழில்நுட்பம் வினாடிக்கு 35 கிலோபிட் தரும். போன் பேசாமல் இருந்தால் 70. கோபுரம் நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

அந்த ஆன்டெனாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் அதன் வழியே போன மின்னஞ்சலில். கண் சிவந்து வந்தவரின் கண்ணை கேமராவில் படமெடுத்து, சில கேள்விகளுக்கான பதில்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வெண்டையில் நோய் விழுந்தால் படம் வேளாண்மைக் கல்லூரிக்குப் போகும். பதில் அந்த நிமிடமே வந்தாக வேண்டும் என்றில்லை. அதனால்தான் அறுந்து அறுந்து வரும் லைனிலும் இந்த வேலை நடந்தது.

மின்னஞ்சலுக்கு அப்படிப்பட்ட லைன் புதிதல்ல. 1976-இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய யு.யு.சி.பி. நிரல், அனுப்ப வேண்டியதைச் சேர்த்து வைத்து, போன் போட்டுத் தள்ளிவிட்டு, லைனை வைத்துவிடும். எண்பதுகளின் பிற்பகுதியில் எர்நெட் தொடங்கியபோது பம்பாயில் என்.சி.எஸ்.டி.யும் ஐ.ஐ.டி.யும் இந்த முறையில்தான் அஞ்சல் பரிமாறிக்கொண்டன. நிரந்தர இணைப்பு பரவிய பிறகும் அந்தப் பொறுமை விதியாகவே நின்றது. 1989-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 சொல்வது: ஒரு முறை போகவில்லை என்றால் குறைந்தது அரை மணி விட்டு மறுபடி முயற்சி செய், நாலைந்து நாளாவது கைவிடாதே.

இந்த விதியின் அருமை, டயல்-அப்பில் ஓடிய ஒரு மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டபோதுதான் எனக்குப் புரிந்தது. போஸ்ட்ஃபிக்ஸ். லைன் இல்லாதபோது வெளியூர்க் கடிதங்களைத் தொடவே தொடாதே என்று ஒரு வரி. லைன் வந்ததும் வரிசையைக் காலி செய் என்று இணைப்பு ஸ்கிரிப்டில் இன்னொரு வரி. இவ்வளவுதான் என்று நினைத்தேன். டி.என்.எஸ்.ஸில் மாட்டிக்கொண்டேன். எதிர் சர்வர் தரும் பதில் 4-இல் தொடங்கினால் ‘அப்புறம் வா’, 5-இல் தொடங்கினால் ‘வரவே வராதே’. பெயர் தேடும்போதும் இதே வித்தியாசம் உண்டு. ‘இப்போது தெரியவில்லை’ வேறு, ‘அப்படி ஒரு முகவரியே இல்லை’ வேறு. நான் அமைத்த உள்ளூர் டி.என்.எஸ்., லைன் இல்லாதபோதெல்லாம் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமைக் கடிதங்கள் முழுக்க அனுப்பியவர்களிடமே திரும்பி வந்தன. தப்பு முழுக்க என்னுடையது.

படங்கள் இன்னொரு தலைவலி. பாதியில் அறுந்த கடிதத்தை விட்ட இடத்திலிருந்து தொடர எஸ்.எம்.டி.பி.க்குத் தெரியாது. 1 மெகாபைட் படம் அஞ்சலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 35 கிலோபிட்டில் அதற்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் அறுந்தால் முதலிலிருந்து. ஆகவே அளவுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தே ஆக வேண்டும். படத்தைச் சுருக்கி 100 கிலோபைட் ஆக்கினால் அரை நிமிடம்தான்.

காத்திருக்கும் காலத்தை ஐந்து நாளிலிருந்து பத்தாக்கலாமா? ஆக்கிப் பார்த்தேன். மழைக்கு லைன் ஒரு வாரம் படுத்தாலும் கடிதம் சாகாது. ஆனால் அனுப்பியவர் அது போய்விட்டதென்றே நினைத்துக்கொண்டிருப்பார். அவசரமான கடிதம் என்றால் அந்தப் பத்து நாளும் வீண். சென்ட்மெயிலைப் போல நாலு மணி நேரத்தில் ‘இன்னும் போகவில்லை’ என்று எச்சரித்தால், பயந்துபோய் அதையே மூன்று தடவை அனுப்புவார்கள். கடைசியில் ஐந்து நாளுக்கே திரும்பிவிட்டு, எச்சரிக்கையை ஒரு நாளாக்கினேன்.

மேலூரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய மனுக்கள் கியோஸ்க்கிலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போயின. முதலில் நன்றாகவே நடந்தது. கியோஸ்க் இருந்த கிராமங்களிலிருந்து மனுக்கள் கூடின. இதை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் பிறகு நடந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போக, அரசுச் சேவை படுத்துவிட்டது. சர்வர் 250 என்று பதில் சொன்னால் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று மட்டுமே பொருள். யாரோ திறந்து படித்தார்கள் என்று இல்லை. வரிசையில் மாட்டிய கடிதத்துக்கு ஐந்தாம் நாள் ஒரு தகவலாவது திரும்பி வரும். திறக்காத பெட்டியில் விழுந்த மனுவுக்கு அதுவும் வராது. 2005 வாக்கில் அந்தக் கியோஸ்க்குகளில் பலவும் மூடிக்கிடந்தன.