ஓதற்பிரிவும் வட்டக்களரியும்

நாவல் மரத்தின் பெயரையும், வாவி நீர் நிலத்துள் வளைந்து புகுந்த குடாவின் பெயரையும் ஒருங்கே பூண்டு நிற்கும் எமது நாவற்குடாவிலிருந்து, கலாசாரப் பரிவர்த்தனைக்கும் கல்விக்குமாகப் பாரத தேசத்துக்குப் புறப்படும் மாணவர், அத்தேசத்தை நம் முன்னோர் நாவலந்தீவு என வழங்கிய செய்தியை அறிவாராயின், ஒரு நாவலினின்றும் மற்றொரு நாவலுக்குச் செல்கிறோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் அவர்கள் முதலிற் கடக்க வேண்டியது கடலன்று, வாவி. 1924-ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் அமையுமுன் பட்டணத்துக்குப் போவதற்கே தோணி வேண்டியிருந்தது. 1928-இல் மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்த பின்னர், இந்தியாவிற் கற்க விரும்பியவர் மாகோச் சந்தியில் இறங்கி, வடக்கே செல்லும் வண்டிக்குக் காத்திருந்து, தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடியிற் கரை சேர்ந்து, மறுபடியும் வண்டி பிடித்துச் சிதம்பரத்தையோ சென்னையையோ அடைந்தனர். அந்தத் தனுஷ்கோடித் துறையை 1964-ஆம் ஆண்டு மார்கழிப் புயல் விழுங்கிற்று. இன்றைய மாணவர் விமானத்தில் ஒரு சிறுதுயில் கொள்வதற்குள் சென்னை வந்துவிடுகிறது. வழியிற் கற்பதற்கிருந்தவை போயின என்பது என்போன்ற முதியோரின் முறைப்பாடு.

கல்வியின் பொருட்டு நிகழும் பிரிவை இலக்கணத்துள் வைத்தெண்ணிய இனம் நம்முடையது. உரையாசிரியர் ஓதற்பிரிவு என விளக்கும் அதற்குத் தொல்காப்பியர் மூன்றாண்டு எல்லை வரைந்தார். கடல்வழிப் பிரயாணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றுங் கூறினார். மணிமேகலையோ மணிபல்லவமும் சாவகமும் சென்றவள். வஞ்சி மாநகரில் மாதவர் வேடம் பூண்டு, சமயவாதியர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கைத் திறத்தைக் கேட்டறிந்தவள். அவள் வான்வழியே சென்றமையால் விதி பிழைத்தாளோ பிழையாளோ என்பதை உரைகாரர்க்கு விட்டுவிடலாம். நம் பிரயாணக் குழுக்களில் மாணவியர் பெட்டியுஞ் சதங்கையுமாய் முன்னே நிற்கக் காணும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவே வருகின்றது.

காரைதீவிற் பிறந்து, 1922-இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள், பல்லாண்டு ஆராய்ந்தெழுதிய யாழ் நூலைச் சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 1947 ஜூன் மாதம் அரங்கேற்றினார்; அடுத்த மாதமே மறைந்தார். கல்லடி உப்போடையில், எம்மூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அவர் சமாதி இருக்கின்றது. அவர் அக்கரைக்குச் சென்றது வெறுங்கையோடன்று. பூரணை இரவில் எங்கள் வாவியில் எழும் ஒலியை நீரரமகளிர் இசையாகக் கேட்ட செவியோடு சென்றார்.

பரிவர்த்தனை என்னுஞ் சொல்லுக்குக் கொடுத்தல், கொள்ளல் என்னும் இரண்டும் வேண்டும். 1934-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரவீந்திரநாத தாகூர், விசுவபாரதியின் ஆசிரியரும் மாணவருமடங்கிய குழுவோடு கொழும்புக்கு வந்து ‘சாபமோசன்’ என்னும் நாட்டிய நாடகத்தை நிகழ்த்தினார். ஓவியர் நந்தலால் போஸும் உடன் வந்திருந்தார். ஹொரணையில் ஸ்ரீ பாலி என்னுங் கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றதும் அப்பிரயாணத்திலேதான். இதுவரையில் எல்லாருஞ் சொல்வர். நான் பெரிதாக மதிப்பது பின்னர் நடந்ததை. கண்டி ஆட்டத்தைப் பார்த்துக் கவிஞர் வியந்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. விசுவபாரதி ஆசிரியர் சாந்திதேவ் கோஷ் இலங்கைக்கு வந்து அவ்வாட்டத்தைப் பயின்று சாந்திநிகேதனத்துக்குக் கொண்டுசென்றார். கற்பிக்க வந்தவர் மாணாக்கரானார். இங்கிருந்து அங்கே சென்றவருள் ஆனந்த சமரக்கோனும் எதிரிவீர சரச்சந்திரவும் அடங்குவர்.

இந்தச் சரச்சந்திரவின் சரித்திரம் நமக்கு மிகவும் அணித்தானது. 1955-இல் ஜப்பானுக்குச் சென்று நோ, கபுகி ஆகிய நாடக மரபுகளைப் பிரத்தியட்சமாகக் கண்ட அவர், திரும்பி வந்து ஜப்பானிய நாடகம் ஒன்றைச் சிங்களத்தில் ஆடவில்லை. தென்னிலங்கையில் மங்கிக் கிடந்த நாடகம என்னும் கிராமியக் கூத்தைத் தேடிச் சென்று, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1956 நவம்பர் 3-ஆந் திகதி ‘மனமே’யை மேடையேற்றினார். அந்நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அப்படியாயின் அதன் தாய் எங்கே இருக்கின்றாள் என்ற வினா, அதே பேராதனையிற் படிப்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனை மட்டக்களப்புக் கிராமங்களுக்கு அழைத்து வந்தது. இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அப்பெருமகன், மத்தளத்தைச் சுற்றி வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படும் வடமோடிக் கூத்தைக் கண்டு, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்குவித்தார். 1962-இற் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’. இரவு முழுவதும் நீளும் கூத்தைச் சில நாழிகைக்குள் அடக்கியது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; என் அபிப்பிராயத்தில், களரியில் ஆடுவார் பார்ப்பாரிடையே உள்ள நெருக்கம் படச்சட்ட மேடையில் ஓரளவு தொலைந்தே போயிற்று. ஆயினும் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி எம் மாகாணத்துக்கே திரும்பினார். கிழக்குப் பல்கலைக்கழகமும் அண்ணாவியாரின் அந்த வந்தாறுமூலையிலேயே நிற்கின்றது.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு நம்மவர் பிரயாண நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது சற்றே மனங் கூசுகின்றது. காலையில் மாமல்லபுரம், மறுநாள் தஞ்சை, அதற்கடுத்த நாட் சிதம்பரம். பட்டுக்கடைக்கு மட்டும் ஒரு முழுப்பகல். ‘உங்களூர்க் கலை ஏதேனுங் காட்டுங்கள்’ என்று உபசரிப்போர் கேட்டால், அங்கிருந்தே வந்த கீர்த்தனத்தை அவர்களுக்கே பாடிக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலாகும். கீர்த்தனம் பாடலாகாது என்பதன்று. வடமோடியில் ஓர் அரசன் கொலுவுக்கு வரும் வரவாட்டத்தையும் ஆடிக் காட்டக் கூடியவன் பாடினால் அதற்கு மதிப்பு வேறு. ஆகையினாலேயே, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் எழுதுமுன், சீலாமுனைக்கோ வந்தாறுமூலைக்கோ போய்க் களரியோரத்திற் பாய் விரித்துக் குந்தியிருந்து விடியுமளவும் ஒரு கூத்துப் பார்த்து வருமாறு நான் மாணவரிடங் கேட்பதுண்டு. பேருந்துக் கட்டணஞ் சொற்பம், விசாவும் வேண்டியதில்லை.